உமி நெருப்பு

நேயர்கள் அனைவருக்கும் அன்பான வணக்கம்.

நான் டொக்டர் இல்லை. வன்னியில் முப்பது வருடத்துக்கு மேல் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்தவன். உங்கள் கிளினிக் கொப்பிக்குள் மடித்து வைத்திருக்கிறீர்களே ரிப்போட்டுகள், அவற்றில் இலக்கம் எழுதுகிற வேலை. அதில் சி.ஆர்.பி. என்ற இலக்கத்தைப் பற்றியும், அது இதயத்து இரத்த ஓட்டத்தோடு எப்படிச் சேர்ந்து வருகிறது என்பதைப் பற்றியும் பேச வந்திருக்கிறேன்.

நெல் ஆலைக்குப் பின்னால் உமிக் குவியல் பார்த்திருப்பீர்கள். மேலே சாம்பல். சுவாலை இல்லை, சத்தமில்லை. கால் வைத்தால்தான் உள்ளே நெருப்பு இருப்பது தெரியும். உடம்புக்குள்ளும் அப்படி ஒரு நெருப்பு உண்டு. அழற்சி என்கிறோம். முள்ளுக் குத்திச் சிவந்து வீங்குவது வெளியே தெரியும் அழற்சி. நான் சொல்வது, வருடக்கணக்காகச் சத்தமில்லாமல் கனன்று கொண்டிருப்பதை.

இதைக் கண்டுபிடிக்க எங்களிடம் முதலில் இருந்தது, செங்குழியங்கள் இறங்கும் வேகத்தைப் பார்க்கும் ஈ.எஸ்.ஆர். பரிசோதனை. தொண்ணூறுகளில் வன்னியில் கரண்ட் இல்லை. பல பரிசோதனைகள் நின்றுபோன காலத்திலும் ஈ.எஸ்.ஆர். நிற்கவில்லை, அதற்குக் கரண்டே தேவையில்லை. இரத்தத்தில் உறையாமல் இருக்கச் சிற்றேற்றுக் கரைசல் கொஞ்சம் கலந்து, மெல்லிய கண்ணாடிக் குழாயில் உறிஞ்சி, தாங்கியில் நேராக நிறுத்துவோம். யன்னலோரம் வைத்து ஒரு மணித்தியாலம் காத்திருப்போம். சிவப்பு மெல்ல மெல்லக் கீழே இறங்கும், மேலே வைக்கோல் நிறத்தில் நீர் தெளியும். எத்தனை மில்லிமீற்றர் இறங்கியது என்பதுதான் அந்த இலக்கம். இருட்டினால் அரிக்கன் லாம்பைப் பின்னால் பிடித்துப் பார்த்து எழுதியிருக்கிறேன். உடம்பில் அழற்சி இருந்தால் இரத்தத்தில் பைபிரினோஜன் என்ற புரதம் கூடும், செங்குழியங்கள் காசுகளை அடுக்கினதுபோல ஒன்றோடொன்று ஒட்டும், பாரம் கூடி வேகமாக இறங்கும். குழாய் கொஞ்சம் சரிந்து நின்றாலே கணக்குப் பிழைத்துவிடும். அதனால் சீமெந்து மேசையில் மட்டம் பார்த்துத்தான் தாங்கியை வைப்போம். அந்தக் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்த நேரங்களை என்னால் மறக்க முடியாது.

சரி, சி.ஆர்.பி.க்கு வருவோம். 1930இல் நியூயோர்க்கில் டில்லெட், பிரான்சிஸ் என்ற இரண்டு பேர் நியூமோனியா நோயாளரின் இரத்தத்தில் கண்ட புரதம் இது. ஈரல்தான் இதைச் செய்கிறது. எங்கோ அழற்சி என்று செய்தி கிடைத்தால் சில மணித்தியாலத்தில் ஏறத் தொடங்கி, இரண்டு நாளில் உச்சத்துக்குப் போகும். நெருப்பு அணைந்தால் ஒரு நாளுக்குள்ளேயே பாதிக்கு வந்துவிடும். ஈ.எஸ்.ஆர். இறங்க வாரக்கணக்காகும்.

இதயத்துக்காகப் பார்ப்பது இன்னும் நுணுக்கமான சி.ஆர்.பி. பரிசோதனை. லீற்றருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் ஆபத்துக் குறைவு, 1 முதல் 3 வரை நடுத்தரம், 3க்கு மேல் கூடுதல். 10ஐத் தாண்டினால் பயந்து கொழும்புக்கு ஓட வேண்டாம். காய்ச்சலோ, புண்ணோ, தடிமனோ இருந்திருக்கும். இரண்டு கிழமை கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். இந்த இலக்கம் புகை மாதிரி. எங்கோ எரிகிறது என்று சொல்லும், எந்த வீட்டில் என்று சொல்லாது. புகைதான் வீட்டை எரித்தது என்றும் சொல்லக் கூடாது.

இரணைமடுப் பக்கத்து ஐயா ஒருவர் கதை சொல்ல வேண்டும். கமக்காரர். வாயில் எந்த நேரமும் சுருட்டு. நெஞ்சு நோ என்று போய், இதயக் குழாய்களுக்குள் சாயம் விட்டுப் படம் எடுக்கிற அஞ்சியோகிராம் செய்து, “ஒரு அடைப்பும் இல்லை” என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டில் எல்லாரும் வாய்வு என்று உள்ளி இரசம் வைத்துக் கொடுத்தார்கள். அவர் என்னிடம் வந்து கேட்டார், “தம்பி, அடைப்பில்லையாம். அப்ப ஏன் எனக்கு நோகுது?”

ரிப்போட்டைப் பார்த்தேன். அடைப்பில்லை என்பதற்குக் கீழே, ஓட்டம் மெதுவாக உள்ளது என்று ஒரு வரி எழுதியிருந்தது. யாரும் அவருக்கு அதை வாசித்துச் சொல்லவில்லை. சாயம் குழாயின் நுனிவரை போக மூன்று துடிப்போ அதற்கு மேலோ எடுத்தால் அப்படி எழுதுவார்கள். 1972இலேயே மருத்துவர்கள் எழுதி வைத்த விசயம் இது. நான் சொன்னேன், “ஐயா, உங்கடை பெரிய வாய்க்காலிலை உடைப்புமில்லை, அடைப்புமில்லை. தண்ணி கடைசி வயலுக்குப் போற வேகம் காணாது.” அவர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டுச் சொன்னார், “அப்ப கிளை வாய்க்கால் தூர்ந்துபோச்சு.”

சிறுபோகத்துக்குத் தண்ணீர் பாய்ச்சின மனிதருக்கு அது உடனே விளங்கியது. படத்தில் தெரிவது பெரிய குழாய்கள்தான். தலைமயிரைவிட மெல்லிய கிளைகள் அதில் தெரியாது. அவற்றின் உட்சுவர் அழற்சியால் கெட்டால் விரிய வேண்டிய நேரத்தில் விரியாது. ஓட்டம் மெதுவானவர்களுக்கு சி.ஆர்.பி. கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. ஆண்களில், அதிலும் புகைப்பவர்களில், இந்த மெதுவான ஓட்டம் அதிகம். பெண்களுக்கும் சின்னக் குழாய் வருத்தம் நிறைய வருகிறது. அவர்களுக்கு அது நெஞ்சு நோவாக இல்லாமல் களைப்பாகவோ மூச்சு வாங்குவதாகவோ வரலாம். ஆகவே திரும்பவும் சொல்கிறேன், அடைப்பில்லை என்றால் நோவில்லை என்று அர்த்தமில்லை. வீட்டில் அம்மாவோ அக்காவோ நோகுது என்றால் நம்புங்கள்.

உமி எங்கே கனல்கிறது? சுருட்டில், பீடியில், வயிற்றுக் கொழுப்பில், கட்டுப்படாத சீனி வருத்தத்தில். அப்புறம், யாரும் கவனிக்காத இடம், பல் முரசு. பல் விளக்கும்போது இரத்தம் கசிந்தால் அதுவும் அழற்சிதான், அதுவும் சி.ஆர்.பி.யை ஏற்றும். வெற்றிலை போடுகிறவர்கள் சிவப்புக்குள் சிவப்புத் தெரியாமல் விட்டுவிடுகிறார்கள். பல் டொக்டரிடம் போவதை நோ வந்த பிறகு என்று வைத்திருக்காதீர்கள். அந்த ஐயா சுருட்டை விட்டார், மருந்தும் ஒழுங்காக எடுத்தார். அடுத்த போகத்துக்கு வரம்பு கட்ட அவரே இறங்கினார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், நேரம் போய்விட்டது. மருந்துகளைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன். ஒன்று மட்டும். அழற்சியைக் குறைத்தால் மாரடைப்புக் குறைகிறது என்று 2017இல் பெரிய ஆய்வொன்று காட்டியது. 2019இல் கொல்சிசின் என்ற பழைய மருந்திலும் இதய வருத்தங்களும் பக்கவாதமும் மொத்தமாகக் குறைவதைக் கண்டார்கள். எங்கள் வேலிகளில் பூக்கிற கார்த்திகைப்பூச் செடியிலும் அந்தக் கொல்சிசின் இருக்கிறது. அதற்காக அந்தக் கிழங்கை யாரும் தொட வேண்டாம், அது ஆளைக் கொல்லும் நஞ்சு. மருந்து என்றால் டொக்டர் எழுதுகிற அளவு மட்டும்தான். நெஞ்சை அழுத்தி, வியர்த்து, நோ கைக்கோ தாடைக்கோ போனால் உள்ளி இரசம் வைத்துக்கொண்டு நிற்காமல் 1990 என்ற இலக்கத்துக்குப் போன் எடுங்கள், அம்புலன்ஸ் இலவசம். வணக்கம்.