பாசி தனித்து வளர்வதில்லை

நேயர்களுக்கு வணக்கம். கடற்பாசிகளைப் பற்றியும், கடல்நீரில் மிதந்து வாழும் நுண்பாசிகளைப் பற்றியும் பேசுமாறு நிலையத்தார் கேட்டுக்கொண்டார்கள். இவற்றின் பயன்களைப் பற்றி நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். ஆகவே நான் இவற்றை ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும் வேலையைப் பற்றியே பேச விரும்புகிறேன். அந்த வேலையிலேயே காலம் கழித்தவன் என்ற முறையில் எனக்கு உறுதியாகப் பட்டது ஒன்றுண்டு. ஒரு பாசி குடுவையில் வளர மறுக்கும்போதுதான், கடலில் அது எவற்றைச் சார்ந்து வாழ்கிறது என்பது நமக்குத் தெரியவருகிறது.

தூத்துக்குடியிலிருந்து தொடங்குகிறேன். அங்குள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையத்தில் முனைவர் கே. அழகர்சாமியும் அவருடைய குழுவினரும் 1973-இல் உருண்டை வடிவ வளர்ப்பு முத்துகளை உருவாக்கிக் காட்டினார்கள். முத்து வளர்க்கச் சிப்பி வேண்டும். மன்னார் வளைகுடாவின் பார்கள் எனப்படும் கடலடிப் பாறைத் திட்டுகளில் சிப்பி விளைவதோ ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்குவது. தொடர்ந்து பல ஆண்டுகள் பார்கள் வெறுமையாகவே கிடந்ததும் உண்டு. எனவே முத்துச்சிப்பியைப் பொரிப்பகத்திலேயே முட்டையிடச் செய்து, குஞ்சுகளை வளர்த்தெடுக்க முயன்று 1981-இல் வெற்றி கண்டார்கள். அந்த வெற்றியில் ஒரு நுண்பாசிக்குப் பெரும் பங்கு உண்டு. ஐசோகிரைசிஸ் கால்பானா என்பது அதன் பெயர். முட்டை கருவுற்று ஏறத்தாழ ஒரு நாளில் இரண்டு மெல்லிய ஓடுகளுடன் நீந்தத் தொடங்கும் சிப்பிக் குஞ்சுக்கு அதுவே உணவு. ஐந்து முதல் ஏழு மைக்ரான் அளவு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), பொன்பழுப்பு நிறம், நீந்துவதற்கு இரண்டு கசையிழைகள். கெட்டியான செல்சுவர் இல்லாததால் குஞ்சின் வயிற்றில் எளிதில் செரித்துவிடும்.

இந்தப் பாசி முதன்முதலில் பிடிக்கப்பட்டது தூத்துக்குடிக் கடலில் அன்று. பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் இடையேயுள்ள ஐல் ஆஃப் மேன் தீவில், போர்ட் எரின் கடல்வாழ் உயிரியல் நிலையத்தின் மீன் குளத்திலிருந்து மேரி பார்க் என்ற அறிவியலாளர் 1930-களின் இறுதியில் பிரித்தெடுத்தது. அவரும் உடன் பணியாற்றியவர்களும் அதை ஊட்டி ஆளி என்னும் உண்ணத்தக்க சிப்பியின் குஞ்சுகளை வளர்த்த செய்தி 1940-இல் வெளியாயிற்று. 1949-இல் அவர் அதற்குப் பெயரிட்டு விவரித்தார். பாசியை உயிரோடு வைத்திருப்பதற்கு நம் வீட்டு உறைமோர் வழக்கமே முன்மாதிரி. பழைய வளர்ப்பிலிருந்து சிறிது எடுத்துப் புதிய ஊடகத்தில், அதாவது ஊட்டச்சத்துச் சேர்த்த கடல்நீரில், விட்டுக்கொண்டே இருந்தால் அது தலைமுறை தலைமுறையாகத் தொடரும். ஒருவர் கவனம் தவறினால் பல்லாண்டுத் தொடர்ச்சி ஒரு வாரத்தில் அறுந்துபோகும்.

பிரித்தெடுப்பது எப்படி என்று சற்று நெருங்கிப் பார்ப்போம். கண்ணாடிக் குழாயைத் தீயில் காட்டி, மயிரிழை போல இழுத்து, நுண்ணிய பிப்பெட் ஒன்றைச் செய்துகொள்கிறோம். நுண்ணோக்கியின் கீழே ஒரு துளிக் கடல்நீரில் ஓடித் திரியும் உயிர்களுள் வேண்டிய ஒரே ஒரு செல்லைத் தொடர்ந்துபோய் உறிஞ்சி, நுண்ணுயிர் நீக்கிய நீர்த்துளியில் விடுகிறோம். அங்கிருந்து அடுத்த துளிக்கு, அதிலிருந்து அதற்கடுத்த துளிக்கு என்று மாற்றிக்கொண்டே போனால், கூட வந்த பிற உயிர்கள் ஒவ்வொன்றாகக் கழுவுண்டு போகும். ஊடகம் செய்வதிலும் நுணுக்கம் உண்டு. வடிகட்டிய கடல்நீரில் நைட்ரேட், பாஸ்பேட், இரும்பு, வேறு சில நுண்ணூட்டங்கள் ஆகியவற்றைச் சேர்க்க வேண்டும். கண்ணாடி போன்ற ஓடுடைய நுண்பாசிகளான டயாட்டம்களானால் அவற்றின் ஓட்டுக்காக சிலிகேட்டும் தேவை. எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, அழுத்த நீராவியால் நுண்ணுயிர் நீக்கும் ஆட்டோகிளேவில் வைத்தால் அடியில் வெண்மையான படிவு தங்கிவிடும். பாசிக்கு வேண்டிய சத்து அந்தப் படிவில் போய் ஒடுங்கிவிடும். அதனால் கரைசல்களைத் தனித்தனியே தூய்மைப்படுத்தி, ஆறிய பிறகே சேர்க்கிறோம். ராபர்ட் கில்லார்டும் ஜான் ரைதரும் 1962-இல் வெளியிட்ட எஃப் என்னும் ஊடகத்தின் பாதிச் செறிவையே இன்றும் உலகெங்கும் பல ஆய்வுக்கூடங்கள் பயன்படுத்துகின்றன.

அந்த ஊடகத்தில் மூன்று வைட்டமின்களும் சேர்கின்றன. அவற்றுள் பி12-ஐப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பாசி என்பது சூரிய ஒளியையும் உப்புகளையும் கொண்டு தனக்கு வேண்டியதையெல்லாம் தானே ஆக்கிக்கொள்ளும் உயிர் என்றுதான் நாம் படித்திருக்கிறோம். ஆனால் பாக்டீரியாக்களை முற்றிலும் நீக்கிய வளர்ப்புகளில் பல பாசிகள் சில தலைமுறைகளில் நின்றுபோயின. பி12 சேர்த்தால் மீண்டும் வளர்ந்தன. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005-இல் இதைத் தொகுத்துப் பார்த்தபோது, ஆராயப்பட்டிருந்த 326 பாசியினங்களில் 171 இனங்களுக்கு பி12 வெளியிலிருந்து கிடைத்தாக வேண்டும் என்று தெரிந்தது. அந்த வைட்டமினை ஆக்கும் திறன் சில பாக்டீரியாக்களுக்கும், அவற்றைப் போன்ற ஒருசெல் உயிர்களான ஆர்க்கியாக்களுக்கும் மட்டுமே உண்டு. பாசி தரும் கரிமப்பொருளை பாக்டீரியா உண்கிறது. பாக்டீரியா ஆக்கும் வைட்டமினைப் பாசி பெறுகிறது. பாசியை எவ்வளவு தூய்மையாக வளர்க்க முடியும் என்று முயன்றதால் வெளிப்பட்ட உண்மை இது.

பாறைகளில் பச்சைத் துணி கிழிந்து ஒட்டியது போல் காணப்படும் அல்வா என்ற பாசியை நம் கடற்கரைகளிலும் பார்க்கலாம். அதன் இலை இரண்டே செல் அடுக்குகளால் ஆனது. இத்தகைய எளிய உடலுக்குக்கூட அதன் வடிவம் தன்னுள்ளிருந்து மட்டும் வருவதில்லை. அல்வாவை பாக்டீரியா இல்லாமல் வளர்த்தால், அது இலையாக விரியாமல் உருவமற்ற செல்திரளாகவே நின்றுவிடுகிறது. நெருங்கிய உறவுடைய மற்றொரு பச்சைப் பாசியை ஆராய்ந்த ஜப்பானிய அறிஞர்கள், அதன் மேல் வாழும் பாக்டீரியாவிலிருந்து தாலூசின் என்ற பொருளைப் பிரித்தெடுத்து, மிகச் சிறிய அளவிலேயே அது பாசிக்கு வடிவம் தருகிறது என்று 2005-இல் காட்டினார்கள். ஜெர்மனியின் ஜெனா நகர ஆய்வாளர்கள் 2012-இல், குறிப்பிட்ட இரண்டு பாக்டீரியாக்களைச் சேர்த்துக் கொடுத்தாலே அல்வா இயல்பாக வளர்கிறது என்றும், இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் வளர்ச்சி முழுமையடைவதில்லை என்றும் நிறுவினார்கள். ஒரு தாவரத்தின் உருவத்தை அதன்மேல் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் முடிவு செய்கின்றன என்பது, என் கருத்தில், பாசியியல் நமக்குத் தந்த மிகப் பெரிய செய்திகளுள் ஒன்று. நம் பாடநூல்களில் அதற்கு இடம் கிடைக்க வேண்டும்.

கரையிலிருந்து விலகி ஆழ்கடலுக்குப் போனாலும் இதுதான் நிலை. பாசியைப் போலவே சூரிய ஒளியில் உணவு ஆக்கிக்கொள்ளும் புரோகுளோரோகாக்கஸ் என்னும் பாக்டீரியா 1980-களின் நடுப்பகுதி வரை அறியப்படாமலேயே இருந்தது. பேராசிரியர் சாலி சிஸ்ஹோம், ராபர்ட் ஓல்சன் ஆகியோரும் பிறரும் ஒளிக்கற்றையின் குறுக்கே செல்களை ஓடவிட்டு எண்ணும் கருவியைக் கப்பலில் கொண்டுபோனபோதுதான் அது கண்ணில் பட்டது; அதை 1988-இல் அறிவித்தார்கள். மைக்ரானில் பாதியை ஒட்டிய அளவே உள்ள இந்த உயிர், வெப்பமண்டலப் பெருங்கடல்களில் ஒரு மில்லிலிட்டர் நீரில் ஒரு லட்சம் வரைகூட இருக்கும். கடலில் இத்தனை தாராளமாக வாழும் உயிர், குடுவையில் சிறு எண்ணிக்கையில் தனியே விட்டால் மடிந்துபோகும். டென்னசி பல்கலைக்கழகத்தினர் 2008-இல், வேறு பாக்டீரியாக்கள் உடனிருந்தால் அது செழிப்பதைக் காட்டினார்கள். பிறகு காரணத்தையும் கண்டார்கள். வெயில் படும் நீரில் இயல்பாகவே உண்டாகும் ஹைட்ரஜன் பெராக்சைடைச் சிதைக்கும் கேட்டலேஸ் நொதி புரோகுளோரோகாக்கஸிடம் இல்லை. அந்த நச்சைச் சுற்றியுள்ள பாக்டீரியாக்களே அகற்றித் தருகின்றன.

பாசிக்கு வேண்டிய துணை எப்போதும் நுண்ணுயிராகவே இருக்க வேண்டும் என்பதில்லை. ஜப்பானியர் விரும்பி உண்ணும் நோரி என்ற சிவப்புப் பாசி, கோடையில் கடலிலிருந்து மறைந்து குளிர்காலத்தில் மீண்டும் தோன்றும். அதன் வித்து எங்கிருந்து வருகிறது என்பது தெரியாமலே, பல தலைமுறை உழவர்கள் கழிகளையும் வலைகளையும் கடலில் நட்டுக் காத்திருந்தார்கள். இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் கேத்லீன் ட்ரூ பேக்கர் அதற்கு நெருங்கிய உறவுடைய உள்ளூர்ப் பாசியை ஆராய்ந்துவந்தார். மணமானவர் என்ற காரணத்தால் ஊதியப் பணியை இழந்து, ஊதியமின்றி ஆய்வைத் தொடர்ந்தவர் அவர். அப்பாசியின் வித்துகள் வெறும் குடுவையில் சரிவர வளரவில்லை; கிளிஞ்சல் ஓடுகளைப் போட்டபோது அவை ஓட்டைத் துளைத்து உள்ளே சென்று, இளஞ்சிவப்பு இழைகளாகப் படர்ந்தன. அந்த இழைகளை 1892 முதல் வேறொரு பாசியினமாகவே நூல்கள் குறித்துவந்தன. இரண்டும் ஒரே பாசியின் இரண்டு பருவங்கள் என்று அவர் 1949-இல் எழுதினார். அதைக் கண்ட ஜப்பானிய அறிஞர்கள் ஆளி ஓடுகளில் வித்தேற்றும் முறையை உருவாக்கினார்கள். நோரித் தொழில் நிலைபெற்றது. குமாமொத்தோ மாநிலத்தின் ஊத்தோ நகரில் 1963-இல் அவருக்கு நினைவுச்சின்னம் எழுப்பி, இன்றும் ஒவ்வோர் ஏப்ரல் 14-ஆம் நாளும் வழிபாடு நடத்துகிறார்கள். அவர் ஜப்பானுக்குப் போனதே இல்லை.

இனி நம் இராமநாதபுரம் கடற்கரையைப் பார்ப்போம். மரிக்கொழுந்துப் பாசியையும் கஞ்சிப்பாசியையும் கட்டக்கோரையையும் எடுத்து வாழ்ந்த பெண்கள், 2000-த்துக்குப் பிறகு மூங்கில் தெப்பங்களில் கப்பாபைகஸ் பாசியை வளர்க்கத் தொடங்கினார்கள். தொடக்கத்தில் அதை வாங்கிய நிறுவனத்தின் பெயரால் மக்கள் அதை பெப்சி பாசி என்றே அழைக்கிறார்கள். சுமார் 45 நாள்களில் அறுவடை; அறுத்ததில் ஒரு பகுதியைத் துண்டாக்கி மீண்டும் கயிற்றில் கட்ட வேண்டும். இப்படித் துண்டிலிருந்து துண்டாகவே பெருக்கியதால், தெப்பங்களில் இருப்பவை பெரும்பாலும் ஒரே செடியின் நகல்கள். 2013-ஐ ஒட்டிக் கடல் வெப்பமும் நோயும் தாக்கியபோது எல்லாம் ஒன்றுபோல் வெளுத்து நொறுங்கின; விளைச்சல் வெகுவாகச் சரிந்தது. அயலிலிருந்து வந்த இப்பாசி குருசடைத் தீவுப் பகுதியில் பவளங்களின் மேல் படர்ந்ததையும் ஆய்வாளர்கள் 2008-இல் பதிவு செய்திருக்கிறார்கள்.

இப்போது அதே மாவட்டத்தின் வளமாவூரில் 127 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட திட்டமாகக் கடற்பாசிப் பூங்கா அமைக்க 2023-இல் அடிக்கல் நாட்டப்பட்டிருக்கிறது. அதில் விதை வங்கிக்கும் திசு வளர்ப்புக் கூடத்துக்கும் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அங்கு பணியாற்றப்போகும் இளைஞர்களிடம் நான் வலியுறுத்திக் கேட்பது இதுதான். கப்பாபைகஸோடு நின்றுவிடாமல் நம் கடலின் கஞ்சிப்பாசியையும் மரிக்கொழுந்துப் பாசியையும் வித்துகளிலிருந்து வளர்த்து, பலவகைச் செடிகளைச் சேர்த்து வையுங்கள். அவற்றைக் கழுவித் தூய்மையாக்கும் முன், அவற்றின்மேல் வாழும் பாக்டீரியாக்களையும் தனித்தனியே பிரித்து, எந்தப் பாசியிலிருந்து, எந்தத் தீவில், எந்த மாதத்தில் எடுத்தது என்று எழுதிச் சேமியுங்கள். நாளை ஒரு பாசி உங்கள் தொட்டியில் வளர மறுத்தால், முதலில் தேட வேண்டிய இடம் அந்தச் சேமிப்பாகத்தான் இருக்கும்.

நன்றி. வணக்கம்.