இந்த வரி யாருடைய நேரத்தில் ஓடுகிறது?

நேயர்களுக்கு வணக்கம்.

டிரைவர் பயிற்சி என்றதும் எட்டுப் போடும் மைதானத்தை நினைத்தவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். இது டிவைஸ் டிரைவர். கணினியின் இயங்குதளத்துக்கு நடுவில் வன்பொருளையும் நினைவகத்தையும் நிர்வகிக்கும் கெர்னல் என்று ஒன்று இருக்கிறது. அதனோடு ஒரு கீபோர்டையோ, கேமராவையோ, சென்சாரையோ பேச வைக்கும் நிரல்தான் டிவைஸ் டிரைவர். தரமணியிலும் ஓஎம்ஆரிலும் இந்த வேலைக்கு ஆள் தேடுகிறார்கள். ஐஐடி மெட்ராஸில் வடிவமைத்த சக்தி போன்ற, ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த கட்டளைத் தொகுப்பில் ஓடும் பிராசஸர்களுக்கும் டிரைவர் எழுத ஆள் வேண்டும். சி மொழி தெரிந்தவர்கள், மீதியை ஒரு மாதத்தில் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைத்துப் பயிற்சியில் சேருகிறார்கள். மொழி அதேதான், ஆனால் அது ஓடும் இடம் வேறு.

சாதாரண நிரலில் பாயின்டர், அதாவது நினைவக முகவரி, தவறினால் அந்த நிரல் மட்டும் சாகும். அது பிடித்து வைத்திருந்த நினைவகத்தைக் கெர்னல் திரும்ப வாங்கிக்கொள்ளும். கெர்னலுக்குள் நீங்கள் தவறினால் பின்னால் இருந்து தாங்க யாரும் இல்லை. இடமும் குறைவு. லினக்ஸில் ஒரு சாதாரண நிரலுக்கு ஸ்டாக், அதாவது ஃபங்ஷன்கள் தற்காலிகமாகப் பயன்படுத்தும் இடம், பொதுவாக 8 எம்பி கிடைக்கும். 64 பிட் இன்டெல் வகைக் கணினியில் கெர்னல் ஸ்டாக் வெறும் 16 கேபி. கல்லூரிப் பழக்கத்தில் ஒரு ஃபங்ஷனுக்குள் 10,000 பைட் அரே ஒன்றை அறிவித்தால் பாதிக்கு மேல் அதிலேயே காலி.

அதனால் முதல் பாடம் மெய்நிகர் கணினியில்தான் நடக்க வேண்டும். க்யூஎமு என்ற மெய்நிகர் கணினி மென்பொருளில் 2 ஜிபி நினைவகமும் குறைந்தது 2 பிராசஸர் கோர்களும் கொடுங்கள். ஒரே கோர் என்றால் பாதிப் பிழைகள் தலையே காட்டாது. கெர்னல் தன் செய்திகளை எழுதும் சீரியல் கன்சோலை ஒரு கோப்புக்குத் திருப்பி விடுங்கள். கெர்னல் விழும்போது அதன் கடைசி வார்த்தைகள் அந்தக் கோப்பில்தான் மிஞ்சும்.

முதல் மாட்யூல், அதாவது ஓடும் கெர்னலில் ஏற்றும் துண்டு நிரல், 20 வரிகூட இருக்காது. அதை ஏற்றும்போது ‘இன்வாலிட் மாட்யூல் ஃபார்மட்’ என்று வந்தால் நிரலைத் துழாவாதீர்கள். பெரும்பாலும் கணினி அப்டேட் ஆகிப் புதுக் கெர்னல் வந்திருக்கும். நீங்கள் பழைய கெர்னலின் ஹெடர் கோப்புகளோடு கம்பைல் செய்திருப்பீர்கள். கெர்னலின் பதிவைக் காட்டும் டிமெஸ்ஜி கட்டளை இரண்டு பதிப்பு எண்களையும் அருகருகே காட்டிவிடும். ‘கீ வாஸ் ரிஜெக்டட்’ என்று வந்தால் கையொப்பமில்லாத மாட்யூலைச் செக்யூர் பூட் தடுக்கிறது என்று பொருள். இதெல்லாம் ஒரு நாள் தொல்லை, அதோடு போய்விடும்.

போகாத தொல்லை ஒன்று இருக்கிறது. டிரைவரில் எழுதும் ஒவ்வொரு வரிக்கும் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: இந்த வரி யாருடைய நேரத்தில் ஓடுகிறது?

ஒரு நிரல் ரீட் என்று கேட்டு, அதன் பொருட்டு உங்கள் ஃபங்ஷன் ஓடினால், அது அந்த நிரலின் நேரம். அங்கே காத்திருக்கலாம், தூங்கலாம், அதாவது பிராசஸரை வேறு நிரலுக்கு விட்டுக்கொடுத்து நிற்கலாம். கருவி மணியடித்து, அதாவது இன்டரப்ட் வந்து, உங்கள் ஃபங்ஷன் ஓடினால், அது எந்த நிரலின் நேரமோ தெரியாது. சாம்பார் அடுப்பில் இருக்கும்போது பால்காரர் பெல் அடிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். போனோம், பாக்கெட்டை வாங்கினோம், உள்ளே வைத்தோம், திரும்பினோம் என்று இருக்க வேண்டும். சில்லறை இல்லையே என்று ஏடிஎம் வரை போய்வர முடியாது. பாலைக் காய்ச்சும் வேலையைப் பிறகு செய்யலாம். வொர்க்க்யூ, த்ரெடட் இன்டரப்ட் எல்லாம் அந்தப் ‘பிறகு’க்காக வந்தவை.

விதி எளியது: இன்டரப்ட் வந்ததும் ஓடும் ஹேண்ட்லர் ஃபங்ஷனுக்குள்ளும், ஸ்பின்லாக் (கிடைக்கும்வரை தூங்காமல் சுற்றிக்கொண்டே காத்திருக்க வைக்கும் பூட்டு) கையில் இருக்கும்போதும் தூங்கக் கூடாது. சிக்கல் என்னவென்றால், எந்த ஃபங்ஷன் தூங்கும் என்பது அதன் பெயரைப் பார்த்தால் தெரியாது. கேமல்லாக் என்ற ஃபங்ஷனிடம் நினைவகம் கேட்கிறீர்கள். ஜிஎஃப்பி கெர்னல் என்ற கொடியோடு கேட்டால், காலி இடம் இல்லாதபோது அது தூங்கிக் காத்திருக்கும். 16 ஜிபி லேப்டாப்பில் இடத்துக்குப் பெரும்பாலும் பஞ்சமில்லை, ஆகவே அது தூங்குவது அபூர்வம். அதே டிரைவர் 256 எம்பி போர்டில் ஒரு நாள் நெருக்கடியில் மாட்டிக்கொண்டு தூங்கப் பார்க்கும். ‘ஷெட்யூலிங் வைல் அடாமிக்’ என்று கெர்னல் அலறும். ஹேண்ட்லருக்குள் கேட்க வேண்டியது ஜிஎஃப்பி அடாமிக். அது தூங்காது; இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிடும். அந்த ‘இல்லை’யைச் சமாளிக்கும் வரியையும் நீங்கள்தான் எழுத வேண்டும்.

லாக்கிலும் இதே கதைதான். நிரலின் நேரத்தில் ஸ்பின்லாக்கைப் பிடித்திருக்கிறீர்கள். அதே கோரில் இன்டரப்ட் வந்து, ஹேண்ட்லரும் அதே லாக்கைக் கேட்டால் அந்தக் கோர் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். லாக்கை விட வேண்டியவரை ஓடவிடாமல் தடுத்துவிட்டு, அவர் விடுவார் என்று காத்திருக்கிறது! அந்தக் கோரில் இன்டரப்டை நிறுத்திவைத்துவிட்டுப் பிடிக்கும் ஐஆர்க்யூசேவ் வகை லாக் இதற்காகத்தான். இன்டரப்ட் வேறு கோரில் விழுந்தால் ஒன்றும் ஆகாது. அதனால்தான் லேபில் ஓடியது வாடிக்கையாளரிடம் நிற்கிறது.

அதிர்ஷ்டத்தை நம்பாமல் இருக்க, பயிற்சிக் கெர்னலில் டீபக் அடாமிக் ஸ்லீப், ப்ரூவ் லாக்கிங் (லாக் பிழை பிடிப்பது), கேசான் (நினைவகப் பிழை பிடிப்பது) ஆகிய மூன்று சோதனை வசதிகளையும் இயக்கிக் கம்பைல் செய்யுங்கள். கெர்னல் மெதுவாகும், பரவாயில்லை. ‘தூங்க வாய்ப்புள்ள’ ஃபங்ஷனை நீங்கள் தவறான இடத்தில் அழைத்தாலே, அன்றைக்கு அது தூங்காவிட்டாலும், முதல் வசதி கெர்னல் பதிவில் எழுதிவிடும்.

பயனர் நிரலிலிருந்து தரவு வாங்கும் காப்பி ஃப்ரம் யூசர் ஃபங்ஷன் இன்னொரு கண்ணி. அது திருப்பித் தருவது பிழை எண் அல்ல, காப்பியாகாமல் மீந்த பைட்டுகளின் எண்ணிக்கை. அதை அப்படியே ரைட் ஃபங்ஷனின் விடையாகத் திருப்பினால், ‘இத்தனை பைட் எழுதியாயிற்று’ என்று மேலே இருக்கும் நிரல் எடுத்துக்கொள்ளும். மைனஸ் ஈஃபால்ட் (தவறான முகவரி என்ற பிழை எண்) என்று திருப்ப வேண்டும். ரீட் ஃபங்ஷன் தரவு முடிந்ததும் பூஜ்யம் தராவிட்டால், கோப்பைத் திரையில் காட்டும் கேட் கட்டளை அதே வரியை நிறுத்தாமல் கொட்டும். எல்லா வகுப்பிலும் முதல் வாரத்தில் நடக்கும் வேடிக்கை இது.

தரவு இருக்கும் எல்லைக்குள்தான் படிக்கிறோமா என்ற எல்லைச் சோதனை எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2024 ஜூலை 19 போதும். அன்று கிரௌட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த ஒரு கோப்பால், மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்தன. 21 உள்ளீடுகள் வரும் என்று எதிர்பார்த்த இடத்தில் 20தான் இருந்தன. கெர்னலுக்குள் ஓடிய நிரல் இல்லாத 21-வதைப் படிக்கப் போனது.

இனி வெளியேறும் வழி. ஏற்றுவதைச் சொல்லித்தருகிற அளவுக்கு இறக்குவதை யாரும் சொல்லித்தருவதில்லை. இது என் குறை. கல்யாணப் பந்தலைக் கட்டிய வரிசைக்கு எதிர் வரிசையில் பிரிக்கிறார்களே, அப்படித்தான் இங்கேயும். நினைவகம், கிளாக், இன்டரப்ட் என்ற வரிசையில் வாங்கினால், முதலில் இன்டரப்டைத் திருப்பித் தர வேண்டும். நினைவகத்தை முன்னால் விட்டுவிட்டால், அந்த இடைவெளியில் வரும் இன்டரப்டுக்கு ஓடும் ஹேண்ட்லர், இல்லாத இடத்தில் எழுதும். வளங்களை வாங்கித் தரும் டெவ்எம் வகை ஃபங்ஷன்கள் அவற்றைத் தாமாகவே விடுவித்துவிடும் என்று நிம்மதியாக இருப்பார்கள். அவை விடுவிப்பது டிரைவரை இறக்கும்போது ஓடும் ரிமூவ் ஃபங்ஷன் முடிந்த பிறகு. பாதியை டெவ்எம்மிலும் பாதியைக் கையாலும் விடுவிப்பவர்கள் மாட்டுவது இங்கேதான். கருவியோடு டிரைவர் சேரும்போது ஓடும் ப்ரோப் ஃபங்ஷனில் 5 இடங்களில் வளம் வாங்கினால் 5 இடங்களையும் ஒவ்வொன்றாக வேண்டுமென்றே தோற்கடித்துப் பாருங்கள். பிறகு 100 முறை ஏற்றி இறக்குங்கள்.

வன்பொருளுக்குச் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் கடைகள் போதும். ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினி போர்டும் டிஎஸ்3231 கடிகார மாட்யூலும் நல்ல தொடக்கம். இணைத்த சிப்களின் முகவரிகளைக் காட்டும் ஐடூசி டிடெக்ட் கட்டளையில் அது ஹெக்ஸ் 68-ல் தெரிய வேண்டும். அந்த இடத்தில் ‘யூயூ’ என்று காட்டினால் வேறொரு டிரைவர் அதை ஏற்கெனவே எடுத்துக்கொண்டது. போர்டில் என்னென்ன கருவிகள் உண்டு என்று கெர்னலுக்குச் சொல்லும் டிவைஸ் ட்ரீயில், டிரைவரைப் பொருத்த உதவும் கம்பாட்டிபிள் பெயரில் ஓர் எழுத்து மாறினால் ப்ரோப் அழைக்கப்படாது, பிழைச் செய்தியும் வராது. பாதி நாள் போய்விடும். ஒரு எச்சரிக்கை: ராஸ்பெர்ரி பையின் பின்கள் 3.3 வோல்ட் மட்டுமே தாங்கும். ஹெச்சி-எஸ்ஆர்04 தூர சென்சாரின் எக்கோ பின் 5 வோல்ட் தரும். 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் ரெசிஸ்டர்களால் பிரித்து இறக்குங்கள்.

பயிற்சி நிலையத்தில் கட்டணம் கட்டுவதற்கு முன்னால் லேப் அறையை ஒருமுறை போய்ப் பாருங்கள். புரொஜெக்டரும் நாற்காலிகளும் மட்டும் இருந்தால் யோசியுங்கள். மேசைக்கு ஒரு போர்டு, ஒரு யூஎஸ்பி சீரியல் கேபிள், திரையில் நொடிக்கு 1,15,200 பிட் வேகத்தில் ஓடும் கன்சோல் இருந்தால் உட்காரலாம். கேபிளின் டிஎக்ஸ் (அனுப்பும் வயர்) போர்டின் ஆர்எக்ஸுக்கும் (வாங்கும் பின்), ஆர்எக்ஸ் டிஎக்ஸுக்கும் போக வேண்டும். கிரவுண்ட் வயரை மறந்துவிட்டால் திரையில் வெறும் குப்பைதான் வரும். வணக்கம்.