யூனியா என்னும் அப்போஸ்தலர்

நேயர்களுக்கு வணக்கம். அப்போஸ்தலர் என்றதும் பேதுரு, யோவான், தோமா ஆகிய பெயர்களே நம் நினைவுக்கு வருகின்றன. இன்று நான் பேச எடுத்துக்கொண்டவரோ, புதிய ஏற்பாட்டில் ஒரே ஒரு வசனத்தில் மட்டும் பெயர் சொல்லப்படும் யூனியா.

கி.பி. 57ஆம் ஆண்டையொட்டிக் கொரிந்து நகரிலிருந்து ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 16ஆம் அதிகாரத்தில், பவுல் தமக்கு அறிமுகமானவர்களைப் பெயர் சொல்லி வாழ்த்துகிறார். அதன் 7ஆம் வசனம் அன்றோனீக்கு, யூனியா என்னும் இருவரையும் தம் இனத்தார் என்றும், தம்மோடு சிறைப்பட்டவர்கள் என்றும், அப்போஸ்தலருக்குள் பெயர்பெற்றவர்கள் என்றும், தமக்கு முந்தியே கிறிஸ்துவுக்குள் வந்தவர்கள் என்றும் குறிப்பிடுகிறது. இந்தக் கடைசிச் சொற்களை நாம் விரைந்து கடந்துவிடலாகாது. இயேசு சிலுவையில் அறையப்பட்ட சில ஆண்டுகளுக்குள் பவுல் மனந்திரும்பினார் என்றால், அவருக்கும் மூத்த விசுவாசியான யூனியா திருச்சபையின் முதல் தலைமுறையைச் சேர்ந்தவர்.

நான்காம் நூற்றாண்டின் இறுதியில், கிரேக்கத்தைத் தாய்மொழியாகக் கொண்ட திருச்சபைப் போதகர் யோவான் கிறிசோஸ்தோம் இவ்வசனத்தை விளக்குகையில், அப்போஸ்தலர் என்ற பெயருக்குத் தகுதி பெறும் அளவுக்கு இந்தப் பெண்ணின் ஞானம் எத்துணை உயர்ந்தது என்று வியந்து போற்றினார். பெண்கள் சபையில் போதிப்பதை ஏற்காதவர் அவர். ஆகையால் அவருடைய இந்தச் சாட்சியத்தை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன்.

பின்னர் வந்தவர்கள் இப்பெயரை 'யூனியாஸ்' என்ற ஆண்பெயராக வாசிக்கத் தலைப்பட்டனர். கிரேக்க மூலத்தில் இப்பெயர் இரண்டாம் வேற்றுமையில் நிற்கிறது. அந்த வடிவத்தில் ஆண்பெயரையும் பெண்பெயரையும் பிரித்துக் காட்டுவது எழுத்தின்மேல் இடும் ஒலிக்குறி ஒன்றே, அக்குறியோ மிகப் பழைய கையெழுத்துப் படிகளில் இடப்படுவதில்லை. அறிஞர்கள் பயன்படுத்தும் கிரேக்கப் புதிய ஏற்பாடான நெஸ்லே பதிப்பு, 1927இல் வெளியானபோது ஆண்பாலுக்குரிய குறியை இட்டது. 1998இல் வெளிவந்த அச்சில் பெண்பாற்குறி மீண்டது. ரோம் நகரில் யூனியா என்ற பெண்பெயர் 250க்கும் மேற்பட்ட கல்வெட்டுகளில் கிடைத்திருக்க, யூனியாஸ் என்ற ஆண்பெயர் ஒன்றிலும் கிடைக்காதது இந்தத் திருத்தத்துக்கு வலுவான சான்றாயிற்று.

'அப்போஸ்தலருக்குள்' என்பதை 'அப்போஸ்தலர்களுக்கு நன்கு தெரிந்த' என்று பொருள்கொள்ளும் அறிஞர்களும் உளர். ஆயினும் கிரேக்கத்தில் பேசி, கிரேக்கத்திலேயே சிந்தித்த கிறிசோஸ்தோமுக்கு அப்படித் தோன்றவில்லை என்பதே எனக்குப் போதுமான விடையாகப் படுகிறது.

நம் தமிழ் வேதாகமம் 'யூனியாவையும் வாழ்த்துங்கள்' என்றே சொல்கிறது. 'பெயர்பெற்றவர்கள்' என்னும் பலர்பாற்சொல் ஆணையும் பெண்ணையும் ஒருங்கே தழுவுவதால், அவர் பெண் என்பதைக் கவனியாமலே நம்மில் பலர் அவ்வசனத்தை வாசித்து வந்திருக்கிறோம். கிழக்கத்திய மரபுவழித் திருச்சபையோ அவரை அன்றோனீக்குவோடு சேர்த்து, ஆண்டுதோறும் மே 17ஆம் நாள் நினைவுகூர்கிறது.