லு பென் கட்சி பெயரை மாற்றியதால்தான் வளர்ந்ததா?

அடுத்த கேள்வி, பாரிஸ் பக்கத்தில் லா கூர்னெவில் இருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். சுருக்கி வாசிக்கிறேன். "லு பென் கட்சி பெயரை மாற்றிய பிறகுதான் இவ்வளவு வளர்ந்தது என்கிறார்கள், உண்மையா? இவ்வளவு ஓட்டு வாங்கியும் ஏன் கடைசிச் சுற்றில் தோற்கிறார்கள்? உண்மையிலேயே மாறிவிட்டார்களா? எங்களை மாதிரி பத்து வருட வதிவிடக் கார்டில் இருப்பவர்களுக்கு என்ன ஆகும்?" ஒரே கேள்வி என்று எழுதியிருக்கிறீர்கள், உள்ளே நாலு இருக்கிறது. பரவாயில்லை, எல்லாவற்றுக்கும் வருகிறேன்.

முதலில் பெயர் விஷயம். இது பிரான்ஸின் தீவிர வலதுசாரிக் கட்சி. தேசிய முன்னணி என்று இருந்தது தேசியப் பேரணி ஆனது 2018 ஜூன் 1, லியோனில். உறுப்பினர்களிடம் தபாலில் கேட்டு, 80 சதவீதத்துக்கு மேல் சரி என்றார்கள், மாற்றியாச்சு. அதற்கு அப்புறம் என்ன நடந்தது? 2014 ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில், பழைய பெயரில், 24.86 சதவீதம். 2019இல் அதே தேர்தல், புதுப் பெயரில், 23.34. அதாவது குறைந்தது! முதலிடம் என்னவோ இரண்டு முறையும் அவர்களுக்குத்தான், ஆனால் ஓட்டு ஏறவில்லை. 2021 பிராந்தியத் தேர்தல் இன்னும் மோசம். 2015இல் முதல் சுற்றில் 27 சதவீதத்தைத் தாண்டியவர்கள் 2021இல் 20ஐக்கூடத் தொடவில்லை. ஆக, பெயர்ப் பலகையை மாற்றியதால் கூட்டம் வந்தது என்று சொல்கிறவர்கள் கணக்கைப் பார்க்காமல் சொல்கிறார்கள். வளர்ச்சி உண்மை, அது வந்த வழி வேறு.

பெயரை மாற்ற வேண்டிய அவசியம் ஏன் வந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இளையவர்கள் பலருக்கு இது தெரியாது. 1972இல் இந்தக் கட்சி தொடங்கியபோது முதல் பொருளாளர் யார் தெரியுமா? பியேர் பூஸ்கே. இரண்டாம் உலகப் போரில் ஹிட்லரின் வாஃபன் எஸ்எஸ் படையில், பிரெஞ்சுக்காரர்களைச் சேர்த்து அமைத்த ஷார்ல்மாஞ் பிரிவில் இருந்தவர். மூவர்ணத் தீச்சுடர் சின்னம் இருக்கிறதே, அது இத்தாலியில் முசோலினி ஆட்கள் போருக்குப் பிறகு நடத்திய கட்சியிடம் இருந்து எடுத்தது. தலைவர் ழான்-மரி லு பென். 1974 குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்று ஒரு சதவீதம்கூட வாங்கவில்லை. 1981இல் நிற்கவே முடியவில்லை, வேட்பாளராக நிற்க 500 மக்கள் பிரதிநிதிகளின் கையெழுத்து வேண்டும், அது கிடைக்கவில்லை. அப்புறம் 1983இல் பாரிஸுக்கு மேற்கே துரூ என்ற ஊரில் நகராட்சித் தேர்தல், அங்கே 17 சதவீதம் அளவுக்கு வாங்கி, வலதுசாரிகள் இவர்களைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு ஜெயித்தார்கள். கதவு திறந்தது அங்கேதான். அடுத்த வருடமே ஐரோப்பியத் தேர்தலில் 11 சதவீதத்துக்கு நெருங்கி வந்துவிட்டார்கள்.

ஆனால் லு பென் அப்பாவுக்கு வாய் சும்மா இருக்காது. 1987இல் வானொலியில், நாஜிகளின் விஷவாயு அறைகள் போர் வரலாற்றில் ஒரு சின்ன விவரம் என்றார். அந்த ஒரு பேச்சு முப்பது வருடம் கட்சியைத் துரத்தியது. நீதிமன்றத்தில் தண்டனை வாங்கினார், திரும்பவும் அதையே சொன்னார், திரும்பவும் தண்டனை. 2002 குடியரசுத் தலைவர் தேர்தலில் என்ன ஆனது என்றால், சோஷலிஸ்ட் ஜோஸ்பனை 16.18 சதவீதத்தில் பின்தள்ளி, 16.86 வாங்கி இரண்டாம் சுற்றுக்குள் நுழைந்துவிட்டார். நாடே வீதிக்கு வந்தது. இடதுசாரிகள் பல்லைக் கடித்துக்கொண்டு வலதுசாரி ஷிராக்குக்குப் போட்டார்கள், ஷிராக் 82 சதவீதம். லு பென்னுக்கு 17.79. முதல் சுற்றுக்கும் இரண்டாம் சுற்றுக்கும் இடையில் ஒரு சதவீதம்தான் கூடியது. நான்தான் எதிர்ப்புக்குரல் என்று காட்டுவதே அந்த மனிதருக்குப் போதுமானதாக இருந்தது என்பது என் கருத்து, ஆட்சிக்கு வரும் ஆசை மகளுக்குத்தான் வந்தது.

மகள் மரின் லு பென் 2011இல் தலைவரானார். அப்பாவின் பேய்ப் பட்டத்தைக் கழற்றுவதுதான் வேலை என்று இறங்கினார். மேடையில் யூத வெறுப்புப் பேச்சு கூடாது, மொட்டைத் தலை நவநாஜி ஆட்கள் ஊர்வலத்தில் தெரியக் கூடாது. 2015இல் அப்பா அந்தப் பழைய "விவரம்" பேச்சை மறுபடி எடுக்க, கட்சியைத் தொடங்கியவரையே கட்சியை விட்டு நீக்கினார். 2017 குடியரசுத் தலைவர் தேர்தல் சுவரொட்டியை எடுத்துப் பாருங்கள், நல்ல வேடிக்கை. "மரின்" என்று மட்டும் இருக்கும், "லு பென்" இருக்காது. கட்சிப் பெயர் இல்லை, தீச்சுடர் இல்லை. அதற்குப் பதில் ஒரு நீல ரோஜா. ரோஜா சோஷலிஸ்ட் கட்சியின் சின்னம், நீலம் வலதுசாரிகளின் நிறம். ரெண்டு பக்கமும் சேர்த்து வலை போட்டார்கள், தண்டில் முள்கூட வரையவில்லை.

ரோஜா உதவியதா? இரண்டாம் சுற்றுக்கு வந்தார். ஆனால் மக்ரோனோடு நடந்த அந்தத் தொலைக்காட்சி விவாதம் இருக்கிறதே, இப்போதும் தேடிப் பார்க்கலாம். மேசை முழுக்கக் கோப்புகளைப் பரப்பி வைத்துக்கொண்டு, ஒன்றைப் புரட்டி இன்னொன்றைத் தேடி, அல்ஸ்தோம் கம்பெனி விற்பனையையும் எஸ்எஃப்ஆர் தொலைபேசிக் கம்பெனி விற்பனையையும் போட்டுக் குழப்பிக்கொண்டார். நீங்கள் வாசிக்கிற குறிப்பு வேறு, பேசுகிற விஷயம் வேறு என்று மக்ரோன் எதிரிலேயே சொன்னார். யூரோவை விட்டு வெளியேறினால் நான் பாங்கில் போட்ட பணம் என்ன ஆகும் என்று ஓய்வூதியக்காரர்கள் கேட்ட கேள்விக்கு அவரிடம் நேரான பதிலே இல்லை. 33.90 சதவீதம், தோல்வி.

என்னைக் கேட்டால் உண்மையான திருப்பம் இதற்கு அப்புறம்தான். யூரோவை விடுவோம் என்ற கொள்கையை மெல்லக் கீழே போட்டார்கள். அதை எழுதிக் கொடுத்த ஃபுளோரியன் பிலிப்போ 2017 செப்டம்பரிலேயே வெளியே போனார். பெயர் மாற்றத்தைவிட இது நூறு மடங்கு முக்கியம், ஏனென்றால் சேமிப்பு வைத்திருக்கிற வயதானவர்களின் பயம் அங்கேதான் இருந்தது. அடுத்தது 2022 குடியரசுத் தலைவர் தேர்தலில் போட்டிக்கு நின்ற எரிக் ஸெமூர். குழந்தைகளுக்கு முகமது என்று பெயர் வைக்கத் தடை போடுவேன் என்றெல்லாம் பேசியவர். அவர் வலது ஓரத்தில் நின்று கத்தக் கத்த, மரின் லு பென் தானாகவே நடுவில் நிற்கிற மாதிரித் தெரிந்தார். ஸெமூர் எடுத்தது 7 சதவீதம்தான், ஆனால் மரின் லு பென்னுக்குச் செய்த உபகாரம் பெரியது. மரின் பாட்டுக்குச் சந்தை சந்தையாகப் போய், பெட்ரோலுக்கும் மின்சாரத்துக்கும் வாட் வரியை 20இல் இருந்து 5.5 ஆக்குகிறேன் என்று பேசிக்கொண்டிருந்தார், பூனையோடு படம் போட்டார். கடைசிச் சுற்றில் 41.45.

அடுத்து நாடாளுமன்றத்தில் 89 பேர் உட்கார்ந்தார்கள். 2017இல் வெறும் 8. ஆண் உறுப்பினர்கள் எல்லாரும் டை கட்ட வேண்டும், கத்தக் கூடாது என்று கட்டளை. எதிரே தீவிர இடதுசாரிகள் டை இல்லாமல், கூச்சல் போட்டுக்கொண்டு. டிவியில் பார்க்கிறவனுக்கு யார் ஒழுங்கான ஆள் என்று தோன்றும்? இந்த டை கட்டிய இரண்டு வருடத்தைத்தான் நான் உண்மையான விளம்பரம் என்பேன். 2022 இறுதியில் கட்சித் தலைமை ஜோர்தான் பார்தெல்லாவிடம் போனது. 1995இல் பிறந்தவர், சென்-சென்-தெனி குடியிருப்பில் வளர்ந்தவர், இத்தாலிய வழிக் குடும்பம், டிக்டாக்கில் நட்சத்திரம். லு பென் என்ற குடும்பப் பெயர் இல்லாத முதல் தலைவர். 2024 ஐரோப்பியத் தேர்தலில் 31.37.

சரி, அப்புறம் ஏன் தோற்கிறார்கள்? காரணம் இரண்டு சுற்று முறை. முதல் சுற்றில் பிடித்தவனுக்குப் போடுவார்கள், இரண்டாம் சுற்றில் பிடிக்காதவனைத் தள்ளப் போடுவார்கள். இதன் பலத்தைப் பார்க்க ஒரே ஒரு உதாரணம் போதும். 1986 நாடாளுமன்றத் தேர்தலுக்குக் குடியரசுத் தலைவர் மித்தெரான் விகிதாசார முறையைக் கொண்டுவந்தார், தேசிய முன்னணி 9.65 சதவீத ஓட்டுக்கு 35 இடம் வாங்கியது. 1988இல் பழைய இரண்டு சுற்று முறை திரும்பி வந்தது. ஓட்டு 9.66. இடம் எத்தனை? ஒன்று.

2024 ஜூன் 30 நாடாளுமன்றத் தேர்தல் முதல் சுற்றில், வலதுசாரிக் கட்சியிலிருந்து கூட்டுச் சேர்ந்த எரிக் சியோத்தியின் ஆட்களையும் சேர்த்து 33 சதவீதம், ஒரு கோடிக்கு மேல் ஓட்டு. பார்தெல்லா பிரதமர் ஆகிறார் என்றே எல்லாரும் எழுதினார்கள். ஒரே வாரத்தில் மும்முனைப் போட்டி இருந்த இடங்களில் மூன்றாவது ஆள் விலகிக்கொண்டார், இடதும் மக்ரோன் ஆட்களுமாக 200 பேருக்கு மேல். ஜூலை 7 ராத்திரி முடிவு வந்தால், கட்சிக்கு மூன்றாம் இடம், கூட்டாளிகளோடு 143 உறுப்பினர். இரண்டாம் சுற்றிலும் ஓட்டு விகிதத்தில் அவர்கள்தான் முதல், 37 சதவீதம்! ஆனால் தொகுதிக்குத் தொகுதி எதிர் ஓட்டு ஒன்று சேர்ந்துவிட்டது. 2015 பிராந்தியத் தேர்தலில் வடக்கே மரின் லு பென் முதல் சுற்றில் 40 சதவீதம் எடுத்துவிட்டு, சோஷலிஸ்டுகள் விலகியதால் வலதுசாரி சேவியே பெர்த்ரானிடம் தோற்றாரே, அதே கதை.

இதை நம்பித் தூங்கலாமா என்றால், கூடாது. குடியரசுத் தலைவர் தேர்தல் இரண்டாம் சுற்று மூன்றையும் வரிசையாகச் சொல்லிப் பாருங்கள்: 17.79, 33.90, 41.45. இடதுசாரிக்காரர் ஒருவர் எத்தனை தடவைதான் பல்லைக் கடித்துக்கொண்டு மக்ரோனுக்குப் போடுவார்?

உண்மையிலேயே மாறினார்களா என்று கேட்டீர்கள். பேச்சு மாறியிருக்கிறது, அதை மறுக்க முடியாது. 2023 நவம்பரில் யூத வெறுப்புக்கு எதிரான ஊர்வலத்தில் மரின் லு பென் நடந்தார், அப்பா காலத்தில் நினைத்துப் பார்க்க முடியாதது. ஆனால் 2024இல் இரண்டு சுற்றுக்கு நடுவே, நாஜி விமானப் படைத் தொப்பியோடு படம் எடுத்திருந்த ஒரு வேட்பாளரை அவசரமாக விலக்க வேண்டியிருந்தது. தீச்சுடர் இன்றைக்கும் சின்னத்தில் இருக்கிறது. நேர்மையான கட்சி என்று காட்டிக்கொண்டதும் அடிவாங்கியது. 2025 மார்ச் 31, ஐரோப்பிய நாடாளுமன்ற உதவியாளர் சம்பளப் பணத்தைக் கட்சி ஆட்களுக்குத் திருப்பிய வழக்கில் மரின் லு பென் குற்றவாளி என்று தீர்ப்பு, ஐந்து வருடம் தேர்தலில் நிற்கத் தடை, அதுவும் உடனே அமல். மேல்முறையீடு செய்வேன் என்று அன்றிரவே டிவியில் சொன்னார். இதோடு கட்சி சரியும் என்று பலர் நினைத்தார்கள், அந்த வருடக் கணிப்புகளில் சரியவில்லை.

மையக் கொள்கை அப்படியேதான் இருக்கிறது. அப்பா தேசிய முன்னுரிமை என்று சொன்னதைத்தான் மகளும் சொல்கிறார்: வேலை, சமூக வீடு, உதவித்தொகை எல்லாவற்றிலும் பிரெஞ்சுக் குடிமக்கள் முதலில். பிரான்ஸில் பிறந்த வெளிநாட்டவர் பிள்ளைகளுக்கு இப்போது 13 வயதிலிருந்து பெற்றோர் விண்ணப்பித்துக் குடியுரிமை வாங்கலாம், 18 ஆனால் தானாகவே வரும், இங்கே வாழ்ந்த காலக் கணக்கு சரியாக இருந்தால். அதை ஒழிப்போம் என்கிறார்கள். இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களுக்குச் சில முக்கிய அரசுப் பதவிகள் கிடையாது என்று 2024இல் பார்தெல்லாவே சொன்னார். அதனால் உங்களிடம் பிரெஞ்சுக் குடியுரிமை இருந்தால் இன்றைய உதவிகள் தொடரும், கார்ட் மட்டும் என்றால் அவர்கள் குறி வைப்பது உங்களைத்தான், சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றும் இல்லை.

நாளைக்கே வந்து எல்லாவற்றையும் வெட்டிவிட முடியுமா? முடியாது, நடுவில், சட்டங்கள் அரசமைப்புக்குப் பொருந்துகின்றனவா என்று பார்க்கிற அரசமைப்பு மன்றம் இருக்கிறது. 2023 டிசம்பரில் மக்ரோன் அரசே கொண்டுவந்த குடியேற்றச் சட்டத்தில், வெளிநாட்டவருக்குக் குடும்ப உதவித்தொகையும் வாடகை உதவியும் கிடைக்கக் காத்திருப்புக் காலம் நுழைந்தது. மரின் லு பென் கட்சி அதற்கு ஓட்டுப் போட்டது, இது எங்கள் கொள்கையின் வெற்றி என்றும் சொல்லிக்கொண்டது. ஆட்சிக்கு வராமலே! 2024 ஜனவரியில் மன்றம் அந்தப் பிரிவுகளை நீக்கியது, ஆனால் அந்தச் சட்டத்துக்குள் அவை வரக் கூடாது என்ற நடைமுறைக் காரணத்துக்காக. ஏப்ரலில் வலதுசாரிகள் அதையே பொது வாக்கெடுப்புக்குக் கேட்டபோதுதான் விஷயத்துக்குள் போய், ஐந்து வருடம் காக்க வைப்பது அதிகம் என்றார்கள். காலவரையறை வைப்பதே தப்பு என்று சொல்லவில்லை, அதைக் கவனியுங்கள். மரின் லு பென்னும் இதைக் கவனித்தவர்தான். சாதாரணச் சட்டம் போட்டால் மன்றத்தில் அடிபடும் என்று தெரிந்துதான், நேராக மக்கள் வாக்கெடுப்பு நடத்தித் தேசிய முன்னுரிமையை அரசமைப்புச் சட்டத்திலேயே எழுதுவோம் என்று 2022 தேர்தல் அறிக்கையில் வைத்தார்.