தொப்பி மாட்டிவிடுகிறவர்கள்

எல்லோருக்கும் வணக்கம்.

மூளையைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறீர்கள். பேசுகிறேன். ஆனால் மூளையை ஆராய்கிற அறைக்குள் யார் யார் இருக்கிறார்கள், காலையில் கதவைத் திறந்ததிலிருந்து சாயங்காலம் பூட்டும் வரை அவர்கள் என்னென்ன செய்கிறார்கள் என்பதைத்தான் அதிகம் சொல்லப்போகிறேன். நான் ஒரு பல்கலைக்கழகத்தின் அறிவாற்றல் நரம்பியல் ஆய்வுக்கூடத்தில் மூன்று வருஷம் ஆய்வு உதவியாளராக வேலை பார்த்தவள். பெயர்தான் கரடுமுரடாக இருக்கிறதே தவிர, அங்கே கேட்கிற கேள்விகள் நம் வீட்டுக் கேள்விகள்தான். ஒரு முகத்தைப் பார்த்தவுடன் இன்னார் என்று எப்படித் தெரிகிறது? ஒரு வாக்கியம் எப்படிப் புரிகிறது? சாவியை வைத்த இடம் ஏன் மறந்துபோகிறது?

இதையெல்லாம் மண்டையைத் திறக்காமல் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு எங்களிடம் இருந்தது இ.இ.ஜி. மூளையின் மின்னலைகளைத் தலைத்தோலின் மேலிருந்தே பதிவு செய்கிற முறை. ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் என்ற மனநல மருத்துவர் 1924-இல் மனிதர்களிடம் முதன்முதலாக இதைப் பதிவு செய்தார், 1929-இல்தான் வெளியிட்டார். அந்த ஆரம்ப வருஷங்களில் அவர் திரும்பத் திரும்ப உட்காரவைத்துப் பதிவு செய்த ஆட்களில் ஒருவர் அவருடைய மகன் கிளாவுஸ். முதலிலிருந்தே இந்த வேலை அப்படித்தான். பொறுமையாக உட்கார ஓர் ஆள் கிடைத்தால்தான் ஆராய்ச்சியே நடக்கும்.

ஒருவர் எங்கள் கூடத்துக்கு வந்தால் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். முதல் நாளே போன் செய்து சொல்லிவிடுவோம்: “தலைக்குக் குளிச்சிட்டு வாங்க, தயவுசெய்து எண்ணெய் வைக்காதீங்க.” தேங்காய் எண்ணெய் இருந்தால் மின்சாரத் தொடர்பு சரியாகக் கிடைக்காது. சொல்லியும் பாதிப் பேர் எண்ணெய் தடவித்தான் வருவார்கள். நாலு பேர் இருக்கிற இடத்துக்குத் தலை வறண்டு போவது மரியாதை இல்லை என்ற எண்ணம். பெண்கள் மல்லிகைப்பூ வைத்து வருவார்கள். அதைக் கழற்றி வாங்கி, நனைத்த காகிதத்தில் சுற்றி, மேசை ஓரத்தில் வைப்போம். போகும்போது வாடாமல் திருப்பித் தர வேண்டும். இது எந்தச் செய்முறைக் குறிப்பிலும் எழுதியிருக்காது. எங்கள் லேப் மேனேஜர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது.

அப்புறம் டேப்பால் தலையை அளப்போம். மூக்கும் நெற்றியும் சேருகிற பள்ளத்திலிருந்து பின்மண்டைப் புடைப்பு வரை. பிறகு ஒரு காதிலிருந்து மறு காது வரை. இரண்டும் சந்திக்கிற இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி. அந்தப் புள்ளியைப் பார்த்து மின்னலையைப் பிடிக்கிற 64 எலக்ட்ரோடு பதித்த துணித் தொப்பியை மாட்டுவோம். ஒவ்வொரு எலக்ட்ரோடின் துளைக்குள்ளும் முனை மழுங்கிய ஊசியை விட்டு, முடியை மெல்ல விலக்கி, தோலில் படும்படி ஜெல் விட வேண்டும். கணினித் திரையில் 64 வட்டமும் சிவப்பாக இருக்கும். தொடர்பு கிடைக்கக் கிடைக்க ஒவ்வொன்றாக மஞ்சளாகி, பச்சையாக வேண்டும். பிடரிப் பக்கம் இரண்டு வட்டம் கடைசி வரை பிடிவாதம் பிடிக்கும். முக்கால் மணி நேரம் ஒருவருடைய தலையை நம் கையில் வைத்திருக்கிறோம். முன்பின் தெரியாதவர் தலை. நம் அம்மாவைத் தவிர வேறு யார் நம் தலையை அவ்வளவு நேரம் தொட்டிருப்பார்கள்? அந்த நேரத்தில் அவர்கள் பேசுவார்கள். பேரன் படிப்பு, முழங்கால் வலி, இறந்துபோன கணவர் எல்லாம் வந்துவிடும். கேட்டுக்கொண்டே ஜெல் விட வேண்டும்.

இவ்வளவு பாடும் எதற்காக? மூளையிலிருந்து தோலுக்கு வந்து சேருகிற மின்னழுத்தம் சில மைக்ரோவோல்ட்தான். ஒரு வோல்ட்டைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் சில பங்கு. ஒரு தடவை கண் சிமிட்டினால் அதைவிடப் பல மடங்கு பெரிய அலை எழும்பி எல்லாவற்றையும் மூடிவிடும். பல்லைக் கடித்தாலும் அப்படித்தான். அதனால் ஒரே மாதிரியான வாக்கியங்களைப் பல முறை காட்டி, எல்லாப் பதிவையும் சராசரி எடுப்போம். சம்பந்தமில்லாத இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். மூளை அந்தச் சொல்லுக்குக் கொடுத்த பதில் மட்டும் மிஞ்சும்.

அப்படி மிஞ்சிய ஒரு பதில்தான் எங்கள் துறையில் மிகவும் புகழ்பெற்ற அலைகளில் ஒன்று. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் மார்ட்டா குடாஸும் ஸ்டீவன் ஹில்யார்டும் 1980-இல் வெளியிட்டது. வாக்கியத்தின் கடைசிச் சொல்லைப் பொருந்தாததாக மாற்றிப் பார்த்தார்கள். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், ‘தோசைக்குத் தொட்டுக்கொள்ளச் செருப்பு’ என்பது மாதிரி. எதிர்பாராத எதையும் கண்டால் மூளை காட்டும் என்று அதற்கு முன்பே தெரிந்த ஓர் அலை உண்டு. அதுதான் வரும் என்று நினைத்தார்கள். வந்தது எதிர்த்திசையில் இறங்குகிற வேறோர் அலை. சொல் திரையில் தோன்றி 400 மில்லிவினாடி வாக்கில் உச்சத்துக்குப் போனது. அதனால், ‘நெகட்டிவ்’ என்பதன் முதல் எழுத்தையும் சேர்த்து, அதற்கு ‘என்400’ (N400) என்று பெயர். அதாவது அரை வினாடி ஆவதற்குள், ‘இது இங்கே பொருந்தவில்லையே’ என்று மூளை அர்த்தத்தோடு மல்லுக்கட்டத் தொடங்கிவிடுகிறது. நினைத்தது வரவில்லை என்று அந்த இருவரும் பதிவைத் தூக்கி ஓரமாகப் போடவில்லை. எனக்கு அவர்கள்மேல் உள்ள மதிப்புக்கு அதுதான் முதல் காரணம்.

சரி, கூடத்து ஆட்களுக்கு வருவோம். பேராசிரியர் ஒருவர், அவருடைய நேரத்தில் பாதி நிதி கேட்டு எழுதுவதிலேயே போய்விடும். பி.எச்.டி. முடித்துவிட்டு வந்த போஸ்ட்டாக் ஒருவர் அல்லது இருவர். பி.எச்.டி. மாணவர்கள். லேப் மேனேஜர். என்னைப் போன்ற உதவியாளர்கள். கட்டுரை வெளியாகும்போது பெரும்பாலும் முதல் பெயர் மாணவருடையது, கடைசிப் பெயர் பேராசிரியருடையது. உதவியாளர் பெயர் கடைசிப் பக்கத்தில் நன்றியில் வந்தாலும் வரும். நாற்காலியில் உட்கார்ந்தவர்களைப் பற்றி ஒரே ஒரு வரி இருக்கும்: ‘24 பேர், வலது கைப் பழக்கமுள்ளவர்கள், பார்வைக் குறை இல்லாதவர்கள் அல்லது கண்ணாடியால் சரிசெய்யப்பட்டவர்கள்.’ பெயரை மறைப்பது அவர்களைப் பாதுகாக்கத்தான், அது சரிதான். ஆனால் அந்த ஒரு வரிக்குள் எத்தனை மல்லிகைப்பூ, எத்தனை பஸ் பயணம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

எனக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். வயதானவர்கள் வாக்கியம் படிப்பதைப் பற்றிய ஆய்வு. எழுபது தாண்டிய ஓர் அம்மா, இரண்டு பஸ் மாறி வந்தார். தொப்பி மாட்டி, எல்லா வட்டமும் பச்சையாகி, ஒன்றரை மணி நேரம் வாக்கியங்களைப் படித்தார். திரையில் அலைகள் அழகாக ஓடின. அவர் போன பிறகுதான் பார்த்தேன், டிரிகர் கேபிளை நான் சொருகவே இல்லை. ஒவ்வொரு சொல்லும் திரையில் தோன்றுகிற கணத்தில் ஒரு குறி பதிவில் விழ வேண்டும். அந்தக் குறி இல்லாவிட்டால் எந்தச் சொல் எங்கே வந்தது என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. பதிவு முழுவதும் வீண். நான் அழுதுவிட்டேன். லேப் மேனேஜர் திட்டவில்லை. நோட்டை எடுத்து என் முன்னால் வைத்து, “நடந்ததை நடந்தபடி எழுது” என்றார். எழுதினேன். “இப்போ அந்த அம்மாவுக்கு நீயே போன் பண்ணிச் சொல்லு” என்றார். சொன்னேன். “சரி, அடுத்த புதன்கிழமை வரட்டுமா?” என்று அவர் கேட்டார். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

நாற்காலியில் உட்காருகிறவரும் அந்தக் கூடத்து ஆள்தான் என்று எனக்கு உறைத்தது அன்றைக்குத்தான். அதற்குப் பிறகுதான் ஹென்றி மொலைசனின் கதை எனக்கு வேறு மாதிரி புரிந்தது.

அமெரிக்காவில், கனெக்டிகட் மாநிலத்துக்காரர். கடுமையான வலிப்பு நோய். 1953-இல், 27 வயதில், வில்லியம் ஸ்கோவில் என்ற அறுவை மருத்துவர் அவருடைய மூளையின் இரண்டு பக்கமும் ஹிப்போகாம்பஸ் என்ற பாகத்தில் பெரும்பகுதியை அகற்றினார். வலிப்பு குறைந்தது. ஆனால் அன்றைக்குப் பிறகு நடந்த ஏறக்குறைய எதுவும் அவர் மனத்தில் தங்கவில்லை. மதியம் சாப்பிட்டது சாயங்காலம் நினைவிருக்காது. 1955-இல் கனடாவின் மான்ட்ரியலிலிருந்து பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் வந்து அவரைச் சோதித்தார். முகம் பார்க்கும் கண்ணாடியில் மட்டும் பார்த்துக்கொண்டு, தாளில் வரைந்த ஒரு நட்சத்திரத்தின் கோடுகளுக்கு நடுவே பென்சிலை ஓட்டச் சொன்னார். செய்து பாருங்கள், கை எதிர்ப்பக்கமே போகும். ஹென்றி மூன்று நாள் பழகினார். நாளுக்கு நாள் தேர்ந்தார். ஆனால் ஒவ்வொரு நாளும் இதைத் தான் இதற்கு முன் செய்ததே இல்லை என்றுதான் சொன்னார். மூளைக்கு நினைவில்லை, கைக்கு இருக்கிறது என்று சொல்லத் தோன்றும். கையின் பழக்கமும் மூளைக்குள்தான் இருக்கிறது, வேறோர் இடத்தில். நினைவு என்பது ஒன்றல்ல, பலவகை என்று நாம் இன்று சாதாரணமாகச் சொல்வதற்கு இந்த நட்சத்திரம் பெரிய காரணம்.

மில்னரிடம் மாணவியாக இருந்த சூசன் கார்க்கின் 1962-இல் ஹென்றியைச் சந்தித்தார். பிறகு அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் தனி ஆய்வுக்கூடம் அமைத்து, 46 வருஷம், ஹென்றி 2008 டிசம்பர் 2-ஆம் தேதி இறக்கும் வரை, அவரோடு வேலை செய்தார். ஹென்றிக்கு ஒவ்வொரு முறையும் அவர் புதியவர்தான். எங்கேயோ பார்த்த முகமாக இருக்கிறதே, பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவரோ என்று மட்டும் நினைப்பாராம். உலகமெல்லாம் பாடப்புத்தகத்தில் ‘ஹெச்.எம்.’ என்ற இரண்டே எழுத்தாக அவரைப் படித்தோம். யார் அவரைப் பார்க்கலாம், யார் பார்க்கக் கூடாது என்பதில் கார்க்கின் கண்டிப்பாக இருந்தார். நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வாளர்கள் ஹென்றியைச் சோதித்தார்கள். அவருடைய முழுப் பெயர் அவர் இறந்த பிறகுதான் வெளியே வந்தது. ஞாபகமே இல்லாத ஒருவர் ஒப்புதல் கொடுப்பது என்றால் என்ன அர்த்தம், அவருக்காகக் கையெழுத்துப் போடும் உரிமை யாருக்கு என்று பின்னாளில் சிலர் கேட்டார்கள். அது நியாயமான கேள்விதான். ஒப்புதல் படிவத்தை அவசரமாக நீட்டுகிற ஒவ்வொரு கூடத்திலும் அந்தக் கேள்வியைச் சுவரில் ஒட்டிவைக்க வேண்டும் என்பேன்.

ஹென்றி இறந்த அன்றிரவே மூளையை ஸ்கேன் செய்தார்கள். பிறகு அதைக் குளிர்பெட்டியில் வைத்து, விமானத்தில் அதற்கென்றே ஓர் இருக்கை போட்டு, சான் டியாகோவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே யாக்கப்போ அன்னேசே என்பவரின் குழு 2009 டிசம்பரில், 53 மணி நேரத்தில், 2,401 மெல்லிய சீவல்களாக அதைச் சீவிப் பாதுகாத்தது.

இன்னொன்று, சுருக்கமாக. இந்தத் தொப்பி எல்லாத் தலைக்கும் பொருந்தாது. அடர்ந்து சுருண்ட முடியுள்ள கறுப்பின மக்களுக்கு எலக்ட்ரோடு தோலில் ஒட்டாது. அதனாலேயே பல ஆய்வுகளில் அவர்கள் விடுபட்டுப் போனார்கள். அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஆர்னெல் எட்டியென் என்ற இளங்கலை மாணவி, முடியை வரிவரியாகப் பின்னி அந்தப் பின்னலிலேயே பிடித்து நிற்கிற எலக்ட்ரோடுகளை உருவாக்கினார். ‘சேவோ’ என்று பெயர். ஹைட்டி நாட்டின் கிரியோல் மொழியில் மூளை என்று பொருள். தலையைத் தொட்டு வேலை செய்கிறவர்கள் யார் என்பதைப் பொறுத்து, யாருடைய மூளை ஆராயப்படுகிறது என்பதும் மாறுகிறது.

அந்த அம்மா புதன்கிழமை வந்தார். எண்ணெய் வைக்காமல் வந்தார். கேபிளை நான் மூன்று முறை பார்த்தேன். முடிந்ததும் தொப்பியைக் கழற்றி, வெதுவெதுப்பான தண்ணீரில் நானே அவர் தலையை அலசிவிட்டேன். ஜெல் காய்ந்தால் மாவு மாதிரி ஒட்டிக்கொள்ளும், விரலால் தேய்த்துத் தேய்த்து எடுக்க வேண்டும். துண்டால் துவட்டும்போது கேட்டார், “என் மூளையில என்ன தெரிஞ்சுது, பாப்பா?”

“ஒருத்தரோட பதிவுல ஒண்ணும் சொல்ல முடியாதும்மா. 24 பேர் வரணும். எல்லாத்தையும் சேர்த்துப் பார்த்தாத்தான் தெரியும்.”

“நான் எத்தனாவது?”

“பதினொண்ணாவது.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பூவை எடுத்துக் கொடுத்தேன், ஈரத்தலையிலேயே செருகிக்கொண்டார். செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார், “இன்னும் பதிமூணு பேரா? எங்க தெருவுலயே நாலு பேர் இருக்காங்க. எண்ணெய் வைக்கக் கூடாதுன்னு நானே சொல்லிக் கூட்டிட்டு வரேன்.”

மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.