ரத்த வங்கியை எப்போது அழைப்பது? ஏபிசி மதிப்பெண்ணின் கணக்கு

[திரையில்: 37 டிகிரி நீர்த்தொட்டியில் பிளாஸ்மா பைகள் உருகுகின்றன.]

கடுங்காயத்தால் ரத்தம் இழந்துகொண்டிருப்பவருக்குச் சிவப்பணுக்களை மட்டும் ஏற்றினால் போதாது. ரத்தம் உறையத் தேவையான புரதங்கள் பிளாஸ்மாவில்தான் இருக்கின்றன. அந்தப் பிளாஸ்மாவோ உறைநிலையில் சேமிக்கப்படுவதால், அதை உருக்கி எடுக்கவே ஏறக்குறைய 20 முதல் 30 நிமிடங்கள் ஆகின்றன. ஆகவே, நிறைய ரத்தம் தேவைப்படும் என்பது ஐயமறத் தெரிந்த பிறகு ரத்த வங்கியை அழைத்தால், அந்த அரை மணி நேரத்தை நோயாளியே ஈடுகட்ட வேண்டியிருக்கும்.

ரத்த அழுத்தத்தைப் பார்த்தே முடிவு செய்துவிடலாமே என்று தோன்றும். ஆனால் உடல்நலமுள்ள இளைஞர் ஒருவர், தம் உடலிலுள்ள சுமார் 5 லிட்டர் ரத்தத்தில் ஒன்றரை லிட்டர் வரை இழந்தும், ரத்தக்குழாய்கள் சுருங்குவதாலும் இதயம் விரைந்து துடிப்பதாலும், படுத்த நிலையில் ஓரளவு இயல்பான அழுத்தத்தையே காட்டக்கூடும்.

[திரையில்: நான்கு கேள்விகள்.]

அமெரிக்காவின் நாஷ்வில் நகரிலுள்ள வாண்டர்பில்ட் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2009-இல் வெளியிட்ட ஏபிசி மதிப்பெண், அதாவது பேரளவில் ரத்தம் தேவைப்படுமா என்று முன்கூட்டியே கணிக்கும் முறை, ஆய்வக முடிவு எதற்கும் காத்திருப்பதில்லை. காயம் குத்தியோ துளைத்தோ ஏற்பட்டதா, சிஸ்டாலிக் அழுத்தம் (ரத்த அழுத்தத்தின் மேல் எண்) 90 அல்லது அதற்கும் கீழா, நாடித்துடிப்பு 120 அல்லது அதற்கும் மேலா, ஃபாஸ்ட் ஸ்கேனில் (வயிற்றுக்குள்ளும் இதயத்தைச் சுற்றியும் ரத்தம் தேங்கியுள்ளதா என்று விரைவாகப் பார்க்கும் அல்ட்ராசவுண்ட்) ரத்தம் தெரிகிறதா என்ற நான்கு கேள்விகளில் 'ஆம்' ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். இரண்டு வந்தால், பேரளவில் ரத்தம் ஏற்றுவதற்கான ஏற்பாட்டைத் தொடங்கலாம்.

ஒரு கற்பனை நோயாளியை எடுத்துக்கொள்வோம். இருசக்கர வாகன விபத்து. நாடித்துடிப்பு 124, சிஸ்டாலிக் அழுத்தம் 96. வலது விலாவின் கீழ் ஸ்கேன் கருவியை வைத்தால், கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் நடுவே கறுப்பாக ஒரு பட்டை தெரிகிறது. அது வயிற்றுக்குள் தேங்கிய ரத்தம். நாடிக்கு ஒன்று, ஸ்கேனுக்கு ஒன்று என இரண்டு மதிப்பெண்கள் சேர்ந்துவிட்டதால் ரத்த வங்கிக்கு அழைப்பு போகிறது.

இதே நோயாளிக்கு இடுப்பெலும்பு உடைந்து, ரத்தம் வயிற்றறைக்குப் பின்புறம் தேங்கியிருந்தால் ஸ்கேனில் பெரும்பாலும் எதுவும் தெரியாது. மதிப்பெண்ணும் ஒன்றோடு நின்றுவிடும். குத்துக்காயங்களும் துப்பாக்கிக் காயங்களும் குறைவாகவும் சாலை விபத்துகள் மிகுதியாகவும் உள்ள இடங்களில் முதல் கேள்விக்கான மதிப்பெண்ணும் அரிதாகவே கிடைக்கும் என்பதால், இந்தக் கணக்கை அப்படியே நம்பியிருப்பது சரியல்ல என்பது என் கருத்து. அங்கே உதவுவது 1967-இல் ஜெர்மானிய மொழியில் வெளியான, அதைவிட எளிய 'ஷாக் இன்டெக்ஸ்': நாடித்துடிப்பைச் சிஸ்டாலிக் அழுத்தத்தால் வகுக்க வேண்டும். 124-ஐ 96-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1.3, ஒன்றைத் தாண்டினாலே எச்சரிக்கைதான். இருந்தாலும், இதயத்துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை உட்கொள்ளும் முதியவரின் நாடி எவ்வளவு ரத்தம் போனாலும் உயராமல் இருக்கலாம் என்பதால், அவரிடம் இரண்டு கணக்குமே ஏமாற்றக்கூடும்.

எதைக் கணிக்கிறோம் என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. பேரளவில் ரத்தம் ஏற்றுதல் என்றால் 24 மணி நேரத்தில் 10 யூனிட் (பை) சிவப்பணுக்கள் என்பது பழைய வரையறை. பத்தாவது யூனிட்டுக்கு முன்பே இறந்துவிடுபவர், அதாவது மிக மோசமாக ரத்தம் இழந்தவர், அந்தக் கணக்கில் சேரவே மாட்டார். அதனால்தான் ஒரு மணி நேரத்துக்குள் 3 யூனிட் என்ற அளவுகோலும் பின்னர் முன்வைக்கப்பட்டது.

தேவையின்றி அழைத்தால் என்ன ஆகும்? உருக்கிய பிளாஸ்மாவை மீண்டும் உறைய வைக்க முடியாது; குறுகிய காலத்துக்குள் வேறொருவருக்குப் பயன்படாவிட்டால் அது வீணாகும். அழைக்கத் தவறினால் உயிரே போகலாம் என்பதால், சில வீண் அழைப்புகளை மருத்துவமனைகள் அறிந்தே ஏற்றுக்கொள்கின்றன. ரத்தப்போக்கு நின்றதும் 'இனி அனுப்ப வேண்டாம்' என்று ரத்த வங்கிக்கு உடனே தெரிவிக்கும் பொறுப்பையும் முன்கூட்டியே ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டால், அந்த வீணடிப்பு பெருமளவு குறையும்.