21-ஆம் நம்பர் ஆட்டக்காரர்

நேயர்களுக்கு வணக்கம். பாளையங்கோட்டையில் பல வருஷமாகப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுத்து வருகிறேன். அவர்களிடம் நான் அதிகம் பேசியது, அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து லீகில் 21-ஆம் நம்பர் பனியனோடு ஆடிய டிம் டங்கனைப் பற்றித்தான்.

2016 ஜூலை 11 அன்று அவர் ஓய்வு பெற்றார். 19 சீசன், ஒரே அணி: சான் அன்டோனியோ ஸ்பர்ஸ். ஐந்து முறை சாம்பியன். அப்பேர்ப்பட்டவர் விடைபெறும்போது அணி ஒரு அறிக்கை வெளியிட்டது, அவ்வளவுதான். மேடையும் இல்லை, பத்திரிகையாளர் கூட்டமும் இல்லை. அதே வருஷம் இன்னொரு பெரிய நட்சத்திரம் கோபி பிரயன்ட், ஓய்வு பெறப்போவதை முன்கூட்டியே சொல்லிவிட்டு, ஊர் ஊராக மரியாதை பெற்று, கடைசி ஆட்டத்தில் 60 புள்ளி எடுத்துவிட்டுப் போனார். அதுவும் அழகுதான், அவர் அதற்குத் தகுதியானவர். ஆனால் என் மனசு டங்கன் பக்கம்தான் சாய்கிறது.

கரீபியன் கடலில் செயின்ட் க்ரோய் என்ற சின்னத் தீவில் பிறந்தவர். முதலில் நீச்சல் வீரர், ஒலிம்பிக் கனவோடு இருந்த பையன். 1989-இல் ஹியூகோ புயல் அந்தத் தீவின் பெரிய நீச்சல் குளத்தை நாசமாக்கியது. மறு வருஷம், அவருடைய 14-ஆவது பிறந்தநாளுக்கு முந்தின நாள், அம்மா புற்றுநோயில் இறந்துபோனார். படிப்பை முடிப்பேன் என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். தொழில்முறை ஆட்டத்துக்கு முன்னமே போயிருந்தால் கோடி கோடியாகப் பணம். போகவில்லை. வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் நாலு வருஷமும் இருந்து, உளவியலில் பட்டம் வாங்கிவிட்டுத்தான் 1997-இல் ஸ்பர்ஸுக்கு வந்தார். "விளையாடப் போனா படிப்பு கெட்டுப்போகும் சார்" என்று என்னிடம் வருகிற பெற்றோருக்கு முதலில் இதைத்தான் சொல்வேன்.

ஆட்டத்துக்கு வருவோம். அவர் பெயர் சொல்லும் ஷாட், போர்டு ஷாட். போர்டு என்றால் ரிங்குக்குப் பின்னால் இருக்கும் பலகை. ரிங்குக்குப் பக்கவாட்டில் ஏறக்குறைய 45 டிகிரியில் நின்று, போர்டில் வரைந்திருக்கும் கட்டத்தின் மேல் மூலையில் பந்தைத் தட்டி உள்ளே இறக்குவது. அந்தக் கோணத்தில் போர்டு பந்தின் வேகத்தைக் கொஞ்சம் வாங்கிக்கொண்டு ரிங்குக்குத் திருப்பிவிடும், சின்னப் பிசகைத் தாங்கும். நம்ம பையன்களிடம் சொன்னால், "போர்டுல பட்டு விழுறதுல என்ன சார் கெத்து?" என்கிறார்கள். எல்லாருக்கும் தூரத்திலிருந்து மூன்று புள்ளி எறியத்தான் ஆசை. டங்கன் 26,000-க்கு மேல் புள்ளி எடுத்தார், 15,000-க்கு மேல் ரீபவுண்ட், அதாவது ஷாட் தவறித் திரும்பி வரும் பந்து, பிடித்தார். அதில் கைதட்டலுக்காக ஆடியது ரொம்பக் கொஞ்சம்.

அவரை அடக்கமானவர் என்கிறார்கள். பலர் அதைக் கூச்ச சுபாவம் என்று நினைத்துவிடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கோச் கிரெக் போப்போவிச் எல்லார் முன்னாலும் அவரைத் திட்டுவார், அவர் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொள்வார். அணியின் பெரிய ஆட்டக்காரரே கேட்டுக்கொண்டால், நேற்று வந்த பையன் முறைத்துக்கொள்ள முடியுமா? அந்த அணி அத்தனை வருஷம் உடையாமல் நின்றதற்கு இது பெரிய காரணம். 2012-இல் மற்ற நல்ல ஆட்டக்காரர்களுக்குக் கொடுக்க அணியிடம் பணம் இருக்கட்டும் என்று தன் சம்பளம் பாதிக்கும் கீழே குறையச் சம்மதித்தார்.

2013 இறுதிப்போட்டி, மயாமி ஹீட் அணிக்கு எதிராக ஏழாவது ஆட்டம். இறுதிப்போட்டி என்பது ஏழு ஆட்டத் தொடர், முதலில் நாலு வெல்பவருக்குப் பட்டம். முடிய ஒரு நிமிஷம்கூட இல்லை, ஸ்பர்ஸ் இரண்டு புள்ளி பின்னால். ரிங்கை ஒட்டி, அவர் தூக்கத்தில்கூடப் போடக்கூடிய ஷாட். தவறியது. திரும்ப வந்த பந்தைத் தட்டினார், அதுவும் தவறியது. தரையில் கையால் ஓங்கி அடித்தார். பட்டம் மயாமிக்குப் போனது. இந்திய நேரத்துக்கு அது காலை வேளை, டிவி முன்னால் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அப்போது அவருக்கு வயது 37. அத்தோடு போயிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அடுத்த வருஷம் அதே மயாமியை 4-1 என்று வென்று ஐந்தாவது பட்டத்தை எடுத்தார்.

அவர் ஓய்வு பெற்ற மறுநாள் போப்போவிச்தான், டங்கன் முகம் போட்ட பனியனோடு பத்திரிகையாளர் முன் வந்தார். டங்கனின் அப்பா ஒரு காலத்தில், "இவன் ஆடி முடிக்கும்போது இப்போது இருக்கிற மனுஷனாகவே இருக்க வேண்டும், அதற்கு நீங்கள்தான் பொறுப்பு" என்கிற மாதிரி அவரிடம் சொல்லியிருந்தாராம். அப்படியே இருக்கிறார் என்று சொல்லும்போது கோச்சுக்குக் குரல் தழுதழுத்தது.

பிள்ளைகளா, 2003 இறுதிப்போட்டியின் ஆறாவது ஆட்டத்தைத் தேடிப் பாருங்கள். அன்றைக்கு அவர் 21 புள்ளி, 20 ரீபவுண்ட், 10 அசிஸ்ட் (சக ஆட்டக்காரர் புள்ளி எடுக்கக் கொடுத்த பாஸ்), 8 பிளாக் (எதிரணி ஷாட்டைத் தடுத்தது). பந்து கையில் இல்லாத நேரத்தில் அவர் எங்கே போய் நிற்கிறார், சக ஆட்டக்காரருக்கு எப்படி வழி விடுகிறார் என்பதைக் கவனித்து, மைதானத்தில் என்னிடம் வந்து சொல்லுங்கள். வணக்கம்.